நடுவில் நிற்பதை விடு

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது படித்த பெண்பிள்ளை என்றால் ஒன்று நர்ஸ், இல்லாவிட்டால் டீச்சர். அதனால்தான் பண்ணைக் காவல்காரர் முதல் நாள் தேவகிருபையைக் கேட்டிலேயே மறித்து, ஆஸ்பத்திரிக்கு இந்தப் பாதை போகாது தாயி என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். வேலைக்கு வந்திருக்கிறேன் என்று அவள் சொன்னதும், களையெடுக்கிற ஆட்கள் பின்வாசல் வழியாக வர வேண்டும் என்றார். காலில் கிடந்த செருப்பைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்து கேட்டைத் திறந்தார்.

ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரிகள் சங்கம் சேர்ந்து நடத்திய விதைப் பண்ணை அது. மடவார் வளாகத்தைத் தாண்டிக் கரிசல் காட்டில் இருந்தது. யுத்தத்தில் கப்பல் நின்றுபோனதால் வெளிதேசத்து நீள இழைப் பஞ்சு வருவதில்லை. நம் மண்ணில் நீள இழை விளைந்தால்தான் மில் ஓடும். படித்த ஆண்பிள்ளைகள் கிடைக்காத நேரம் என்பதால், தாவர சாஸ்திரம் படித்த ஒரு பெண்ணைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். அதில் பெருந்தன்மை ஒன்றும் கிடையாது.

அவள் அப்பா ஏசுவடியான் ராஜபாளையத்தில் ஜின்னிங் பேக்டரியில் பஞ்சுப் பொதி தூக்குகிறவர். அம்மா அன்னத்தாய் சோழபுரத்துக் காடுகளில் பருத்தி எடுத்துக் கை தேய்ந்தவள். மகள் மதராஸ் காலேஜ் வரைக்கும் போய்ப் பட்டம் வாங்கியது பாதி மிஷன்காரர்கள் தயவில், மீதி அப்பாவின் முதுகில்.

பண்ணைச் சூப்பிரண்டு சங்கரலிங்கம் கெட்டவர் இல்லை. காலையில் வைத்தியநாத சுவாமியைக் கும்பிடாமல் பண்ணைக்குள் கால் வைக்க மாட்டார். கூலியாட்களைக் கைநீட்டி அடித்ததில்லை. கல்யாண வயதில் மகள்களை வைத்துக்கொண்டு ஊர் வாய்க்குப் பயந்து வாழ்ந்த மனிதர். அவர் தேவகிருபையை விதை அறையில் உட்காரவைத்துக் கையில் ஒரு சீப்பைக் கொடுத்தார். விதையில் ஒட்டியிருக்கும் பஞ்சை இரண்டு பக்கமும் சீவி, வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி விரித்து, இழை எவ்வளவு நீளம் என்று அளக்கிற வேலை. சீப்புப் பிடிக்கிற பதம் பெண்களுக்குத்தான் வாய்க்கும் என்று அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

அந்த அறையில் வெயில் கிடையாது. நாற்காலி இருந்தது. கழிப்பிடம்தான் இல்லை. ஒரு பெண் இங்கே நாள் முழுக்க உட்கார்ந்து உத்தியோகம் பார்ப்பாள் என்று பண்ணையைக் கட்டிய யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பருத்தி எடுக்கும் பெண்களோடு அவளும் ஆமணக்கு வேலிக்குப் பின்னால் போய்வந்தாள். சேத்தூர்க்காரி கருத்தம்மா அவளுக்குக் காவல் நிற்பாள். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

தேவகிருபைக்கு வேண்டியது வயல். சின்னப்பிள்ளையில் அம்மாவோடு பருத்தி எடுக்கப் போகும்போது, ஒரு ஜாதிப் பருத்திச் செடியைக் கண்டால் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். இலையிலும் தண்டிலும் அப்படி ஒரு சுணை. உரசினால் முழங்கை வரைக்கும் அரிக்கும். பஞ்சும் கட்டை இழை. ஆனால் தத்துப்பூச்சி விழுந்து மற்ற செடியெல்லாம் இலை சுருண்டு சிவந்து நிற்கிற வருஷத்தில், சுணைச் செடி மட்டும் பச்சையாக நிற்கும். காலேஜில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடந்தபோது அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அரிப்புத்தான். இலையில் முடி அடர்ந்திருந்தால் தத்துப்பூச்சிக்குப் பிடிமானம் இல்லை. நீள இழைக் கம்போடியாப் பருத்தியைத் தாயாக வைத்து, சுணைச் செடியைத் தகப்பனாக்கிச் சேர்த்தால், பூச்சி அண்டாத நீள இழைச் செடி என்றாவது ஒரு நாள் கிடைக்கும். பல வருஷ வேலை. ஆனால் ஒரு பூக்காலம் தப்பினால் ஒரு வருஷம் தப்பும்.

யோசனையைச் சங்கரலிங்கம் ஏற்றுக்கொண்டார். இரண்டு ஜாதியையும் நிரை நிரையாக விதைத்தார்கள். சேர்க்கிற வேலையைப் பழகிய பண்ணையாட்கள் இரண்டு பேர் பார்ப்பார்கள், நீங்கள் விதை வந்த பிறகு சீவினால் போதும் என்றார். மார்கழியில் மொட்டு விட்டபோது அந்த இரண்டு பேரும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்கள். சங்கரலிங்கத்துக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. மேஸ்திரி காளிராஜ் ஆட்களை மேய்ப்பாரே தவிர அந்த வேலை அவருக்குப் பழக்கமில்லை. தேவகிருபை சூப்பிரண்டு மேஜைக்கு முன்னால் போய் நின்று, வயலைக் கேட்டாள். ஒரு பொம்பளை சொல்லி நாங்கள் குனிய மாட்டோம் என்று பண்ணையாட்கள் சார்பில் காளிராஜ் சொல்லிவிட்டார். கடைசியில் சங்கரலிங்கம் பருத்தி எடுக்கும் பெண்களை அவளிடம் விட்டார். ஆள் கிடைக்கிற வரைக்கும்தான் என்று இரண்டு தடவை சொன்னார்.

வேலை இதுதான். நாளைக்கு மலரப்போகிற மொட்டை இன்றைக்குச் சாயங்காலம் பிடித்து, இதழையும் அதோடு மகரந்தப் பைகளையும் உரித்து எடுத்துவிட வேண்டும். நடுவில் இருக்கிற சூல்தண்டு மட்டும் மொட்டையாக நிற்கும். அதன்மேல் ஒரு நாணல் குழலைச் செருகி மூடிவிட வேண்டும். மறுநாள் காலையில் சுணைச் செடிப் பூவைக் கொண்டுவந்து அந்தத் தண்டின் நுனியில் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்ட வேண்டும். இடுக்கி யுத்தத்தில் கிடைக்கவில்லை. கட்டைவிரல் நகம்தான் கருவி. பருத்தி எடுத்து எடுத்துக் காய் ஓடு கிழித்துக் கெட்டிப்பட்ட நகங்கள், அந்தப் பெண்களிடம் இருந்தன.

முதல் நாள் சாயங்காலம் தேவகிருபை புத்தகத் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். பூவில் ஆண் பாகம், பெண் பாகம் என்று இரண்டு உண்டு, ஆண் பாகத்தை நீக்கிவிடுங்கள் என்றாள். ஒரு மொட்டை உரித்தும் காட்டினாள். பெண்கள் தலையாட்டிவிட்டு நிரையில் இறங்கினார்கள். வேகமாகத்தான் செய்தார்கள். இருட்டுவதற்குள் அவள் போய்ப் பார்த்தால், ஒரு பூவிலும் சூல்தண்டு இல்லை. நடுவில் நீட்டிக்கொண்டிருந்ததைக் கிள்ளி எறிந்துவிட்டு, சுற்றியிருந்த மகரந்தத்தைப் பத்திரமாக விட்டிருந்தார்கள். நடுவே எழும்பி நிற்பது ஆணாக இல்லாமல் வேறென்னவாக இருக்கும் என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

பருத்திப் பூவில் நடுவே நிமிர்ந்து நிற்பது பெண். சுற்றிக் கும்பலாக ஒட்டிக்கொண்டிருப்பவைதான் ஆண். தேவகிருபை இதைச் சொன்னபோது, அந்தப் பெண்களில் ஒருத்தியான இருளம்மாள் நம்பவில்லை. எந்த ஊர்ல டீச்சரம்மா இப்படி என்று கேட்டாள். ஒரு நிரை முழுக்கப் பாழ். தேவகிருபைக்கு அழுகை வரும்போல இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆண் பாகம், பெண் பாகம் என்று தொடங்கினாள்.

கருத்தம்மா ஒரு மொட்டைப் பிரித்துக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அய்யா சேத்தூரில் காளைக் கன்றுகளுக்குக் காயடிக்கிறவர்.

"டீச்சரம்மா, செத்த நில்லுங்க. இது எங்க அய்யா பாத்த வேலைல்லா," என்றாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி இருளம்மா, கேட்டுக்கோ. காளைக்குக் காயடிக்கையில எதைக் கவனிப்பாவ? நடுவுல நிக்கறத விடு. சுத்தி இருக்கற கொட்டையை எடு. அம்புட்டுத்தான்."

 வயலே சிரித்தது. மகரந்தப் பைகள் உண்மையிலேயே குட்டிக் கொட்டைகள் மாதிரித்தான் இருந்தன. தேவகிருபையும் சிரித்தாள். புத்தகத்தில் நாலு பக்கத்துக்குச் சொன்னதைக் கருத்தம்மா காயடிப்பு என்ற ஒரே சொல்லில் வைத்துவிட்டாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இங்கிலீஷ் புத்தகத்திலும் அதே சொல்தான், அங்கே அது கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மறுநாளிலிருந்து அவளும் அந்தச் சொல்லையே சொன்னாள். இன்றைக்கு எந்த நிரையில் காயடிப்பு, யார் யார் காயடிக்கிறீர்கள் என்று வரப்பில் நின்று சத்தமாகக் கேட்பாள். ஒரு மொட்டும் கெடவில்லை. பத்து நாள் போல அப்படி ஓடியது. முதலில் தடவிய பூக்களில் பிஞ்சு பிடித்து, நாணல் குழலுக்குள் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது.

அப்போதுதான் காளிராஜ் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். ஒரு கன்னிப்பெண், ஆண்பிள்ளைகள் காதுபட, வயல் நடுவில் நின்று அந்த வார்த்தையைக் கத்துகிறாள். பருத்தி எடுக்கும் பெண்கள் இப்போது எங்களைப் பார்த்தாலே சிரிக்கிறார்கள். நாங்கள் இந்தப் பண்ணையில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. இதுதான் பிராது.

சங்கரலிங்கம் அவளைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். நீங்கள் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆட்களைக் கூப்பிடுகிறேன், வாய் தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிறகு விதை அறைக்கே போய்விடலாம், உங்களுக்கும் அதுதான் மரியாதை.

"வாய் தவறலை சார். தெரிஞ்சுதான் சொன்னேன்," என்றாள் தேவகிருபை.

மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலையே போகும் என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். வார இறுதியில் கோயமுத்தூரிலிருந்து பருத்தி நிபுணர் பண்ணையைப் பார்க்க வருகிறார், அவர் காதுக்கு இது போகக்கூடாது, அதற்குள் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவரைக்கும் வயலில் இறங்க வேண்டாம். காளிராஜ் பார்த்துக்கொள்வார்.

அவள் திரும்ப விதை அறைக்குப் போய்ச் சீப்பை எடுத்தாள். ஜன்னல் வழியாக வயல் தெரிந்தது. மொட்டுகள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பிடிக்காமல் விட்ட ஒவ்வொரு மொட்டும் மறுநாள் காலையில் மஞ்சளாக மலர்ந்து, தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டு, சாயங்காலம் சிவந்து சுருங்கியது. அவள் இழை அளந்தாள்.

பெண்கள் காளிராஜ் முன்னால் வரிசையாக நின்றார்கள். கையில் மொட்டு. முகத்தில் ஒன்றுமே தெரியாத மாதிரி ஒரு பாவம்.

"எதை எடுக்கணும் மேஸ்திரி?" என்று கருத்தம்மா கேட்டாள்.

அதைத்தான் எடுக்கணும் என்றார் காளிராஜ். எதை என்று இருளம்மாள் கேட்டாள். தெரியாத மாதிரிக் கேக்காத, போன வாரம் எடுத்தியே அதுதான் என்றார். போன வாரம் எடுத்ததுக்கு ஒரு பேரு இருந்துச்சு, இப்ப அந்தப் பேரைச் சொல்லக்கூடாதுன்னுட்டாவ, பேரில்லாததை நாங்க எப்படி எடுக்க என்று கருத்தம்மா பணிவாகக் கேட்டாள். காளிராஜ் தேவுடா என்று தலையில் கைவைத்தார். ஆண்களுக்குள்ளே அவர் எத்தனையோ தடவை சொன்ன சொல்தான். பட்டாளத்துக்குப் போன இரண்டு பேரும் அந்த வேலையை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஆனால் பெண்கள் கூட்டத்தைப் பார்த்து அவரால் அது வாயில் வரவில்லை. கடைசியில் ஆண் பாகம், ஆண் பாகம் என்று இரண்டு தடவை முணுமுணுத்துவிட்டு வரப்பேறினார். மேஸ்திரி சொன்ன சொல்லைத் தட்டாமல், பெண்கள் முதல் நாள் மாதிரியே நடுவில் நின்றதை ஆணாக்கிக் கிள்ளிப் போட்டார்கள்.

தேவகிருபை சாயங்காலம் ஆமணக்கு வேலிக்குப் பின்னால் கருத்தம்மாவைப் பிடித்து, இது என் செடி, இப்படிப் பாழாக்காதே என்று கோபித்தாள். ஒரு நிரைதானே போகும் டீச்சரம்மா, நீங்க போனா எல்லாம் போயிரும்லா என்றாள் கருத்தம்மா. 

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஏசுவடியான் ராஜபாளையத்திலிருந்து ரயிலேறி வந்தார். அவர் கேட்டில் நிற்பதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் பேக்டரி வரைக்கும் போய்விட்டது என்று புரிந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவரோ, அந்த வேலையைக் காட்டு தாயி என்றார்.

ஓரத்து நிரையில் ஒரு மொட்டைப் பிடித்து உரித்துக் காட்டினாள். அவரும் ஒன்றைப் பிடித்தார். பொதி தூக்கும் கொக்கி கிழித்துத் தழும்பேறிய கட்டைவிரல். மொட்டு அப்படியே நசுங்கிப்போனது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பேக்டரியில் என்ன சொல்கிறார்கள் என்று அவளே கேட்டாள்.

"ஒருத்தன் கேட்டான், எங்க வீட்ல காளை ஒண்ணு நிக்கி, ஒம் மகளைக் கூட்டிட்டு வாரியான்னு. காளை எதுக்குலே, நீயே வா, கூட்டிட்டுப் போறேன்னேன்." சிரிக்காமல் சொன்னார். பிறகு, "மன்னிப்புக் கேக்கச் சொல்லுதாவளா?" என்றார்.

"ஆமாப்பா."

"நீ சொன்னது பொய்யா?"

"இல்ல."

"பொறவென்ன," என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். பணியாரம். சாயங்கால ரயிலுக்கே திரும்பிவிட்டார்.

நிபுணர் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். வயதானவர். ஒரு காது சுத்தமாகக் கேட்காது. யார் பேசினாலும் நல்ல காதைத் திருப்பி, கேட்கவில்லை, சத்தமாக என்பார். சங்கரலிங்கம் அவரை விதை அறைக்குக் கூட்டிப்போக முயன்றார். அவர் நேரே வயலுக்குப் போனார். பின்னால் சங்கரலிங்கம், காளிராஜ், பண்ணையாட்கள். தேவகிருபை சீப்பை மேஜையில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே போய் வரப்பில் நின்றாள்.

முதல் நிரையில் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. அடுத்த நிரைகளில் குழலுக்குக் குழல் பிஞ்சு. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். இந்த அளவுக்குப் பிடித்ததை நான் பார்த்ததில்லை, யார் கை என்று கேட்டார். பருத்தி எடுக்கும் பெண்கள் என்றார் சங்கரலிங்கம். கடைசி நிரைக்கு வந்தார்கள். அதுவும் வெறுமை. இது யார் கை? அதே பெண்கள்தான். அப்படியானால் நடுவில் என்ன ஆயிற்று?

எமாஸ்குலேஷன் என்ற வேலையைப் பெண்களுக்கு விளக்குவதில் ஒரு சிறு சிரமம் ஏற்பட்டுவிட்டது என்று சங்கரலிங்கம் இங்கிலீஷில் சொன்னார். இங்கிலீஷில் அதே சொல்லை அவர் கூச்சமில்லாமல்தான் சொன்னார்.

"சரி. போன வருஷம் உங்க ரெண்டு ஆளுக்கும் யார் சொல்லிக்கொடுத்தது?"

"நான்தான்."

"தமிழ்ல என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். காளிராஜைப் பார்த்தார். காளிராஜ் தரையைப் பார்த்தார். சங்கரலிங்கத்தின் உதடு அசைந்தது. நிபுணர் நல்ல காதைத் திருப்பினார்.

"கேக்கலை. சத்தமா."

"காயடிப்பு," என்று சங்கரலிங்கம் கத்தினார். ஆமணக்கு வேலியில் உட்கார்ந்திருந்த குருவிகள் பறந்தன. பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

"நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன் சார்," என்று தேவகிருபை வரப்பிலிருந்து சொன்னாள். அவருக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொன்னாள். "அதைச் சொன்னப்போ பிடிச்ச பிஞ்சுதான் இது. சொல்லக்கூடாதுன்னதுக்கப்புறம் போனது அந்த நிரை. அந்த வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்கச் சொல்றாங்க. நான் கேட்க மாட்டேன்."

நிபுணர் பிஞ்சை ஒரு தடவையும் அவளை ஒரு தடவையும் பார்த்தார். இந்தச் சேர்க்கை அவள் யோசனைதான் என்று சங்கரலிங்கம் ஒப்புக்கொண்டதும், எதற்காகச் சுணைச் செடியைத் தகப்பனாக எடுத்தாய் என்று அவளைக் கேட்டார். அவள் தத்துப்பூச்சியையும் முடியையும் சொன்னாள். சோழபுரத்தில் கை அரித்ததையும் சொன்னாள். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும், உனக்கு என்ன வேண்டும் என்றார்.

"வயல் வேணும் சார். ஆள் கிடைக்கிற வரைக்கும் இல்ல. இந்த விதை முடியிற வரைக்கும். சீப்பை வேற யாருக்காவது கொடுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பொம்பளையாளுக்கு ஒரு கழிப்பிடம்," என்றாள்.

அவளுக்கு எல்லாம் கிடைத்துவிடவில்லை. தற்காலிகம் என்ற பட்டம் வெகுகாலம் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவளோடு படித்த ஆண்பிள்ளைகள் ஆபீசர்களாகி ஜீப்பில் போனார்கள். ஆனால் வயல் அவள் கைக்கு வந்தது. ஆமணக்கு வேலிக்குப் பக்கத்தில் ஓலைத் தட்டி வைத்து ஒரு கழிப்பிடமும் எழும்பியது. அதற்குக் குழி தோண்டியவர்கள் காளிராஜின் ஆட்கள். சங்கரலிங்கம் நின்று மேற்பார்வை பார்த்தார், அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தக் கட்டடம் என்றே சொல்லிக்கொண்டார். தேவகிருபை முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது, இனி எனக்குக் காவல் வேலை போச்சு என்று கருத்தம்மா வருத்தப்பட்டாள்.

சித்திரையில் காய் வெடித்தது. நூல் கட்டிய காய்களை மட்டும் பெண்கள் தனியாக எடுத்து மடியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த விதையைத்தான் அடுத்த புரட்டாசியில் ஊன்றினார்கள். முளைத்த செடிகளின் இலையைத் தேவகிருபை முழங்கையில் உரசிப் பார்த்தாள். அரித்தது. சொரிந்துகொண்டே நிரை முழுக்க நடந்தாள்.

அந்த மார்கழியில் வேலை பெருகிவிட்டது. புதிதாகச் சோழபுரத்துப் பெண்களையும் பண்ணையாட்களையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருந்தது. தேவகிருபை தூரத்து நிரையில் பூ பார்த்துக்கொண்டிருந்தாள். புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க இந்தத் தடவை காளிராஜ் நின்றார். மொட்டைக் கையில் உயர்த்திப் பிடித்து, சந்தையில் சாமான் விற்கிறவர் மாதிரிச் சத்தம் போட்டார். இதுக்குப் பேரு காயடிப்பு. நடுவுல நிக்கறத விடணும், அது பொம்பளை. சுத்தி இருக்கறதை எடுக்கணும்.

பின்வரிசையில் ஒரு புதுப்பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"ஏட்டி, என்ன சிரிப்பு?" என்றார் காளிராஜ். "இது வேலை."

தேவகிருபை தலை நிமிராமல் அடுத்த பூவுக்கு நூல் கட்டினாள்.